எர்த் இல்லாத வீடு

1. சிவப்பு லைட்

சார்ஜரைச் சுவரில் மாட்டி சப்ளை கொடுத்தால் பச்சை லைட் எரிய வேண்டும். புதுப்பட்டினத்து வீட்டில் சிவப்பு எரிந்தது. அணைத்துப் போட்டேன், மறுபடியும் சிவப்பு. பக்கத்திலேயே புதுக் கார் மாலை போட்டுக்கொண்டு நின்றது. எதிர்வீட்டுக்காரர் வேறு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிப்ளமோ படித்துவிட்டு மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருந்தேன். கம்பெனி பஸ்ஸில் போய்க் கம்பெனி பஸ்ஸிலேயே திரும்பிய காலம் அது. இப்போது ஊரப்பாக்கத்தில் இருந்துகொண்டு, ஒரு ஷோரூமில் மின்சாரக் கார் வாங்குகிறவர்களின் வீட்டுக்குப் போய் சார்ஜர் மாட்டித் தருகிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என்னோடு வருகிறவர் தேவராஜ். திருக்கழுக்குன்றத்துக்காரர், என்னைவிட மூத்தவர். குழி தோண்டுவது, கேபிள் இழுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. பேச்சும் அவர் பொறுப்புதான், யாரும் கேட்காவிட்டாலும்.

"இன்னா மேடம், செவப்பாவே கீது? பொட்டியே டப்பாவா?" என்றார்.

பெட்டியில் கோளாறு இல்லை என்று எனக்குத் தெரியும். சப்ளை கொடுப்பதற்கு முன்பே எர்த் மீட்டர் வைத்துப் பார்த்திருந்தேன். மண்ணின் தடை ஐந்து ஓமுக்குள் இருக்க வேண்டியது, மீட்டர் காட்டக்கூடிய அளவையே தாண்டிவிட்டது. வீட்டுக்காரர் கண்ணாலேயே பார்க்கட்டும் என்றுதான் சப்ளை கொடுத்துக் காட்டினேன். முன்னால் வந்து இடம் பார்த்த ஷோரூம் ஆள், சுவரில் பச்சை வயர் தெரிந்ததும் "வீட்டில் எர்த் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பச்சை வயர் இருந்தது உண்மை. அது மண்ணுக்குள் போய்ச் சேர்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை.

எர்த் என்பது கரன்டுக்கான அவசர வழி. ஒரு மெஷினுக்குள் ஏதாவது பழுதாகி அதன் தகரத்தில் கரன்ட் ஏறினால், பச்சை வயர் அதை மண்ணுக்குள் இறக்கிவிட வேண்டும். அந்த வழி அறுந்திருந்தால், அடுத்து யார் தொடுகிறார்களோ அவருடைய உடம்புதான் வழி. பழைய வீடுகளில் எர்த் செத்துப் போய் வருஷக்கணக்காகும், யாருக்கும் தெரியாது. ஃபேன் சுற்றும், டிவி ஓடும். இந்த சார்ஜர் மட்டும்தான் எர்த் இல்லாவிட்டால் வேலை செய்ய மாட்டேன் என்று அடம் பிடிக்கும்.

வீட்டுக்காரர் முருகேசன். திருச்சிப் பக்கம் சொந்த ஊர், கல்பாக்கத்தில் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. சாதுவான மனிதர். "புதுசா எர்த் குழி தோண்டணும்" என்றதும் அவர் முகம் வாடிவிட்டது.

"போன மாசம்தான் மேடம் போர்ட்டிகோவுக்கு டைல்ஸ் போட்டோம். தோண்டாம ஏதாவது பண்ண முடியாதா?"

2. எல்லாரும் பண்றதுதானே

முருகேசன் அதற்குள் ஷோரூமுக்குப் போன் போட்டுவிட்டார். அங்கிருந்த மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், கஸ்டமர் சுத்தி இருக்கறவங்களுக்கெல்லாம் ஸ்வீட் குடுத்துட்டு நிக்கறாரு. வண்டி சார்ஜ் ஏறலன்னா அசிங்கமாயிடும். உள்ள ஒரு சின்ன ஜம்பர் போட்டுட்டு வந்துடுங்களேன். எல்லாரும் பண்றதுதானே?"

"பண்றவங்களையே அனுப்பிடுங்க சார்."

"இல்ல மேடம், நான் சொல்றது என்னன்னா..."

"புரியுது சார். நான் பண்ண மாட்டேன்."

ஜம்பர் என்றால் பெட்டிக்குள், கரன்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் வயரையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிடுவது. சார்ஜர் எர்த் இருப்பதாக நம்பிப் பச்சை காட்டும். கடற்கரை ஊரில் கம்பத்து ஜாயின்ட்டையெல்லாம் உப்புக் காற்று அரித்துக்கொண்டே இருக்கும். என்றைக்காவது வெளியே நியூட்ரல் விட்டுப் போனால், காரின் கதவுப் பிடிவரைக்கும் கரன்ட் வந்து நிற்கும். முருகேசனிடம் இதைச் சொன்னேன். அவர் செல்போனில் யாரோ ஜம்பர் போடும் வீடியோவைக் காட்டினார். அதில் போட்டவர் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. கையைக் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே போனேன்.

3. எனக்குத்தான் அப்படி

சமையலறையில் முருகேசனின் மனைவி இருந்தார். பெயர் தேன்மொழி, நாற்பதை ஒட்டிய வயது. சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கும் இடத்தில் வாஷிங் மெஷினும் அதை ஒட்டிக் குழாயும் இருந்தன. அங்கே போனேன்.

"மேடம், பாத்து. மெஷின் மேல கை படாம கழுவுங்க" என்றார்.

"ஏன்?"

"ஒண்ணுமில்ல. எனக்குத்தான் அப்படி. மத்தவங்களுக்கு ஒண்ணும் செய்யாது."

"எப்படின்னு சொல்லுங்க."

அவர் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "தொட்டா கை வழியா தோள் வரைக்கும் சுரீர்னு ஏறும். ரெண்டு வருஷமா இருக்கு. இவரைக் கூப்பிடுவேன், ஓடி வந்து தொட்டுப் பாப்பாரு. அவருக்கு ஒண்ணும் தெரியாது. நரம்புல ஏதோ கோளாறுன்னு செங்கல்பட்டுல காட்டினோம். மாத்திரை சாப்பிடறேன். சாப்பிட்டா ஒரே தூக்கம்."

"மெஷினைத் தொட்டா மட்டும்தான் வருதுன்னு டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"அத சொல்ல வேண்டாம்னு இவருதான் சொல்லிட்டாரு. நான் தொட்டா ஒண்ணும் இல்லையே, சொன்னா சிரிப்பாங்கன்னாரு."

மிச்சத்தையும் தானாகவே சொன்னார். மழலையர் பள்ளி ஒன்றில் டீச்சராக இருந்திருக்கிறார். ஸ்கூட்டரில்தான் போய் வருவார். வழியில் கை மரத்துப் போனால் என்ன ஆவது என்று முருகேசன் பயந்து ஸ்கூட்டரை ஓட்ட வேண்டாம் என்றிருக்கிறார். கொஞ்ச நாள் அவரே கொண்டுபோய் விட்டார், பிறகு அலுவலக நேரம் ஒத்துவரவில்லை. வேலையை விட்டாயிற்று.

"இந்தக் காரும் அதுக்குத்தான் மேடம் வாங்கினாரு. என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக வசதின்னு. நல்ல மனுஷன்தான். மொதல்ல எல்லாம் நான் சண்டை போடுவேன். அப்புறம் நானே நம்பிட்டேன், எனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சுன்னு."

கையைக் கழுவாமலே நின்றுகொண்டிருந்தேன். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று அப்போது பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

4. ஜீரோ வாட்ஸ் பல்பு

தேவராஜைக் கூப்பிட்டு மெயின் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். ஷாக் அடித்தால் உடனே லைனைத் துண்டிக்கும் ட்ரிப் ஸ்விட்ச் உள்ளே இருந்தது. ஆனால் வயர்கள் அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போயின.

"மழைக்காலத்துல சும்மா சும்மா விழுந்துச்சு மேடம். எலக்ட்ரீஷியன்தான் அதை விட்டுட்டு நேரா குடுத்துட்டாரு" என்றார் முருகேசன்.

வெளியே குழாயடி ஈர மண்ணில் ஒரு இரும்புக் கம்பியை ஆழமாக அடித்தோம். அதிலிருந்து ஒரு வயர், வாஷிங் மெஷினின் தகரத்திலிருந்து ஒரு வயர், இரண்டுக்கும் நடுவில் ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு. தகரத்தில் ஆளை அடிக்கிற அளவுக்குக் கரன்ட் இருந்தால் பல்பு எரியும். மீட்டர் நம்பரைக் காட்டினால் எனக்கு மட்டும்தான் புரியும், பல்பு எல்லாருக்கும் தெரியும்.

பல்பு எரியவில்லை.

முருகேசன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். கண்டிக்கிற பார்வை இல்லை, பரிதாபப்படுகிற பார்வை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. தேன்மொழி தலையைக் குனிந்துகொண்டு காபி டம்ளர்களை எடுக்கப் போனார்.

"இருங்கம்மா. உங்களுக்கு எப்ப அடிக்கும்? எந்த நேரம்?" என்று கேட்டேன்.

"காலையில மட்டும்தான். மத்தியானம் தொட்டா ஒண்ணும் செய்யாது. அதனாலதான் நரம்புன்னு நினைச்சோம், எழுந்ததும் அப்படி இருக்குமோன்னு."

"காலையில வீட்டுல வேற என்னென்ன ஓடும்?"

அவர் டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். டீச்சர் யோசிக்கிற மாதிரிதான் இருந்தது. "மிக்ஸி. மோட்டாரு. ஆனா மோட்டார் சாயந்திரமும் போடுவேன், அப்ப அடிக்காது." சற்று நிறுத்தி, "மாடியில இவர் குளிக்கறதுக்கு கீசர் போடுவாரு" என்றார்.

"கீசர் ஓடறப்பவே குளிப்பாரா?"

"ஐயோ, அதெல்லாம் மாட்டாரு. ஆஃப் பண்ணிட்டுத்தான் தண்ணியில கை வைப்பாரு. நான் கீழேருந்து கத்தினாக்கூட, கீசரை ஆஃப் பண்ணிட்டுத்தான் ஓடி வருவாரு. அவ்வளவு ஜாக்கிரதை."

சொல்லி முடித்ததும் அவருக்கே புரிந்துவிட்டது. வாயில் கை வைத்துக்கொண்டார்.

தேவராஜ் நான் சொல்வதற்குள் மாடிப்படியில் பாதி தூரம் போயிருந்தார். மேலிருந்து, "போட்டுட்டேன்!" என்று கத்தினார். வாஷிங் மெஷினின் மேல் கிடந்த பல்பு எரிந்தது. மங்கலாக எல்லாம் இல்லை, பூஜை அறையில் எரிகிற மாதிரி நன்றாக எரிந்தது. "ஆஃப்!" அணைந்தது. "ஆன்!" எரிந்தது.

விஷயம் இவ்வளவுதான். கீசருக்குள் தண்ணீரைச் சுட வைக்கும் காயில் கம்பி வெடித்துக் கரன்ட் அதன் உடம்பில் கசிந்திருக்கிறது. வீட்டிலுள்ள எல்லாச் சாமான்களின் பச்சை வயரும் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும். மண்ணுக்குப் போகும் வழி இல்லாததால், மாடியில் கசிந்தது கீழே வாஷிங் மெஷின் தகரத்தில் வந்து நின்றது. துவைக்கும் இடத்தில் தரை நனைந்திருப்பதால் அடி அங்கே பட்டது.

தேவராஜ் இறங்கி வந்து முருகேசனிடம், "அண்ணாத்த, நீ மேல ஆஃப் பண்ணிட்டு கீழ வந்து தொட்டுப் பாத்துகினு கீற. அப்புறம் எங்கேந்து அடிக்கும்? உன் ஜாக்கிரதைதான் அதை மறைச்சு வச்சுகினு இருந்துகீது" என்றார்.

முருகேசன் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தேன்மொழி அவரைப் பார்க்கவே இல்லை. பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வாயால சொன்னேன். இது எரிஞ்சு சொல்ல வேண்டியிருக்கு" என்றார்.

காயில் கம்பியின் வெடிப்பு நாளாக ஆகப் பெரிதாகும். ஒரு மழைக்காலக் காலையில், முழு ஈரத் தரையில் அவர் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் அந்த வீட்டில் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே முருகேசனுக்குத் தெரிந்திருந்தது.

5. டைல்ஸ்

கீசர் வயரைக் கழற்றிப் போட்டோம். எங்கே குழி தோண்டலாம் என்று நான் அளந்துகொண்டிருக்கும்போதே முருகேசன் பின்பக்கம் போய்க் கடப்பாரையோடு வந்தார். போர்ட்டிகோவின் புது டைல்ஸை அவரே உடைத்தார். நாலு டைல்ஸ் போதும் என்றேன். அதற்கு மேலும் உடைத்துக்கொண்டு போனவரைத் தேவராஜ்தான் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"போதும் நைனா, இது கெணறு இல்ல."

வீட்டின் பழைய எர்த் பைப்பையும் சுவரோரம் தோண்டி எடுத்தோம். மேலே ஒரு முழம் குழாய் இருந்தது. அதற்குக் கீழே துருதான், விரலால் தொட்டதும் உதிர்ந்தது. உப்பு மண்ணில் இரும்புக் குழாயின் கதி இதுதான். செம்பு பூசிய ராடுகளைப் புதிதாக இறக்கி, சுற்றிலும் ஈரத்தைப் பிடித்து வைக்கும் எர்த் பவுடர் கொட்டித் தண்ணீர் விட்டோம். வீட்டுக்கு ஒன்று, சார்ஜருக்குத் தனியாக ஒன்று. ட்ரிப் ஸ்விட்சைப் புதிதாக மாற்றினோம். மீட்டர் வைத்துப் பார்த்து எனக்குத் திருப்தியான பிறகு சப்ளை கொடுத்தேன். பச்சை எரிந்தது. கார் சார்ஜ் ஏற ஆரம்பித்தது. அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

முருகேசன் நேராக உள்ளே போனார். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, வாஷிங் மெஷினின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். "ஒண்ணுமில்ல தேனு. இப்ப ஒண்ணுமே இல்ல" என்றார்.

"இதையேதான் ரெண்டு வருஷமா சொல்றீங்க" என்றார் தேன்மொழி.

அவர் சிரிக்கவில்லை. முருகேசன் கையை எடுக்காமல் அப்படியே நின்றார். நாங்கள் சாமான்களை எடுத்து வைக்க வெளியே வந்துவிட்டோம்.

கிளம்பும்போது தேன்மொழி கேட் வரைக்கும் வந்தார். "அப்போ அந்த மாத்திரை, மேடம்?" என்று கேட்டார்.

"அதை நான் சொல்லக் கூடாதும்மா. டாக்டர்கிட்ட போங்க. ஆனா இந்தத் தடவை மெஷின் விஷயத்தைச் சொல்லுங்க. நீங்களே சொல்லுங்க."

"நானே போறேன்" என்றார். ஸ்கூட்டர் சாவி எங்கே இருக்கிறது என்று உள்ளே பார்த்துக் கேட்டார். முருகேசன் தேடப் போனது எங்களுக்குக் கேட்டது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். ஜம்பர் போடாதீர்கள். எர்த்தை அளக்காமல் பெட்டியை மாட்டாதீர்கள். இதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கும். புத்தகத்தில் இல்லாத ஒன்றைப் புதுப்பட்டினத்துக்குப் பிறகு நான் செய்துவருகிறேன். எந்த வீட்டுக்குப் போனாலும், பையைத் திறப்பதற்கு முன்னால், "இந்த வீட்டில் யாருக்காவது ஷாக் அடிக்கிறதா?" என்று கேட்பேன். கார் பக்கத்தில் நிற்கிறவர் "அதெல்லாம் இல்லைங்க" என்பார். சரி என்று தலையாட்டிவிட்டு, உள்ளே போய்த் துணி துவைக்கிறவரிடம் இன்னொரு தடவை கேட்பேன்.