மேகத்துக்கும் ஆயுத பூஜை

எங்களுக்குத் தொழில் பஸ். மறைமலைநகர் கம்பெனிகளுக்கு ஆட்களை ஏற்றிப்போய் இறக்குவது. தொண்ணூறுகளில் என் வீட்டுக்காரர் ஒரு பழைய வேனோடு ஆரம்பித்தபோது, எந்த ஷிஃப்டுக்கு யார், எந்த ஸ்டாப்பில் ஏறுவார்கள் என்பதெல்லாம் அவர் தலைக்குள்ளேயே இருந்தது. வண்டிகள் கூடக்கூட அந்தத் தலை போதவில்லை. செங்கல்பட்டில் கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்துவிட்டுச் சும்மா இருந்த நான், அதையெல்லாம் ஒரு புரோகிராமாக எழுதிக் கொடுத்தேன்.

கெட்டிக்காரப் புரோகிராம்தான், சொல்லிக்கொள்வதற்கென்ன. ஆடிக் கிருத்திகையன்று கோயில் கூட்டம் நெரிகிற திருப்போரூர் வழியாக வண்டி விடக்கூடாது என்று அதற்குத் தெரியும். மழைக்காலத்தில் முட்டுக்காட்டு ஆட்களை முன்கூட்டியே ஏற்ற வேண்டும் என்றும் தெரியும். கம்பெனிகளில் திங்கட்கிழமை ஷிஃப்ட் மாறும். அதனால் ஞாயிறு மாலை அடுத்த வார லிஸ்டைப் போட நான் அதன் முன்னால் உட்கார்ந்தே ஆக வேண்டும். பிள்ளைகள் பிறந்து பள்ளிக்கூடம் போகிற வரைக்கும், அதற்கப்புறமும், அப்படித்தான் உட்கார்ந்தேன்.

இரண்டாயிரத்துப் பத்து நெருங்குகிற சமயத்தில் கரண்ட் கட் உயிரை வாங்கியது. ஆபீஸ் கம்ப்யூட்டர் பாதி நேரம் படுத்துக் கிடக்கும். கம்பெனியில் பஸ் விவகாரம் பார்க்கிற அதிகாரியோ, லிஸ்டைத் தன் மேஜையிலிருந்தே எந்நேரமும் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். முடியாது என்றால் காண்ட்ராக்ட் கைமாறிவிடும்.

எங்கள் மாடிப் போர்ஷனில் திருநெல்வேலிக்காரத் தம்பி ஒருவர் குடியிருந்தார். பழைய மகாபலிபுரம் ரோட்டில் கம்ப்யூட்டர் ஆபீஸ் வேலை. அவர்தான் கிளவுட், அதாவது மேகம், என்றார். நம் கம்ப்யூட்டரில் வைத்திருப்பதை எங்கோ ஓடிக்கொண்டிருக்கிற பெரிய கம்ப்யூட்டரில் வாடகைக்கு வைத்துக்கொள்வது. அதுவரைக்கும் புரிந்தது. வாடகையில் மூன்று தினுசு இருக்கிறது என்றாரே, அங்கேதான் பிடித்தது சனி.

ஒன்று, வெறும் மெஷின் மட்டும். அதில் எதை ஏற்றுவது, எப்படிக் காப்பாற்றுவது எல்லாம் நம் பாடு. இரண்டாவது, மெஷினை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், புரோகிராம் மட்டும் நம்முடையது. ஆனால் அவர்கள் சொல்கிற மாதிரி திருப்பி எழுத வேண்டும். மூன்றாவது, புரோகிராமே அவர்களுடையது. பஸ் கம்பெனிகளுக்கென்றே தயாராக இருப்பது. நாம் ஆள் பெயரைப் போட்டால் போதும். இன்ஃப்ராஸ்ட்ரக்சர், பிளாட்ஃபார்ம், சாஃப்ட்வேர் என்று மூன்றுக்கும் தலைதான் வேறு. 'ஆஸ் எ சர்வீஸ்' என்கிற வால் ஒன்றேதான்.

எது பத்திரம் என்று கேட்டேன். நம் தேவையைப் பொறுத்தது அக்கா என்றார். எது சுலபம் என்றேன். அதுவும் பொறுத்ததாம். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது எனக்கு. இத்தனைக்கும் வீட்டில் கம்ப்யூட்டர் படித்தவள் நான் ஒருத்திதான். பத்தாவதைத் தாண்டாத என் வீட்டுக்காரருக்கு ஒரு குழப்பமும் இல்லை. முதலாவது வெறும் வண்டி எடுப்பது, மூன்றாவது டிரைவரோடு எடுப்பது என்று பிரித்துவிட்டார். அடுத்தவன் டிரைவரை நம்பித் தொழில் செய்ய முடியாது, வெறும் மெஷினையே எடுப்போம், உன் புரோகிராமை அப்படியே ஏற்று என்று சொல்லிவிட்டார். நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டுகிறோம் என்று தெரியாமலே ஆட்டினேன்.

தம்பி ஏற்றிக் கொடுத்தார். காப்பி ஒன்றை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். மேகத்தில் இருப்பதற்குக் காப்பியும் மேகத்திலேயே இருக்காதா என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஷெட்டில் அன்றைக்கு ஸ்பானர்கூட வேலை செய்யக்கூடாது. பஸ்களைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்தால், மறுநாள் எடுக்கிற வரைக்கும் எல்லாவற்றுக்கும் ஓய்வு. ஆபீஸ் கால்குலேட்டருக்குக்கூடப் பொட்டு உண்டு. வாடகை மெஷின் மட்டும் எங்கோ கண்காணாத ஊரில் ஓடிக்கொண்டிருக்கிறதே என்று காலையிலிருந்தே என் வீட்டுக்காரருக்கு மனசு கேட்கவில்லை. பொட்டு வைக்கத்தான் முடியாது, ஓய்வாவது கொடுக்கலாம் என்று, நான் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஆபீசில் போய் உட்கார்ந்திருக்கிறார். முடித்துவிடு என்கிற பட்டனை அமுக்கியிருக்கிறார். அது இங்கிலீஷில் ஏதோ கேட்டிருக்கிறது. சரி என்று அதையும் அமுக்கிவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் காலையில் எல்லா பஸ்ஸும் கிளம்பின. மெஷின் கிளம்பவில்லை. அப்படி ஒரு மெஷின் இருந்த அடையாளமே அங்கே இல்லை. தம்பி இறங்கி வந்து பார்த்தார்.

"அண்ணன் அத நிறுத்தலக்கா. வாடகை வண்டியத் திருப்பிக் குடுத்த மாதிரி குடுத்துட்டாரு. உள்ள இருந்ததும் அதோட போயிடுச்சு" என்றார்.

வண்டிக்குள் லிஸ்ட் ஏற்கனவே ஒட்டியிருந்ததால் அந்த வாரம் ஓடிவிடும். அதற்கப்புறம்? இவர் முகம் செத்துப்போயிருந்தது. திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தேன், திட்டு வரவில்லை. அழுகையாவது வரும் என்று பார்த்தேன். அதுவும் வரவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள், பொழுது சாய்கிற வரைக்கும் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன். இத்தனை வருஷ உழைப்பு போன அன்றைக்கு ஒருத்தி இப்படித் தூங்குவாளா? எனக்கு என்ன ஆயிற்று என்று எனக்கே விளங்கவில்லை.

அந்த வாரம் முழுக்க இவர் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. கிளவுடுக்கு மாறியபோது புதிது வாங்கிப் பரணில் போட்டிருந்த பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரை இறக்கி, துடைத்து, செங்கல்பட்டுக் கடையில் கொடுத்து உயிர் கொடுத்துக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதை மேஜையில் வைத்து ஆன் பண்ணினார். மேகத்துக்கு ஏற்றுவதற்கு முன்னால் இருந்த என் புரோகிராம் அப்படியே திறந்துகொண்டது. பழைய நீலத் திரை, நான் போட்ட அதே தலைப்பு.

"கெடச்சிட்சி பாரு" என்றார். "உன்னுது எங்கியும் போவல. வேற மெஷின் எடுத்து இதையே ஏத்திக்கலாம்."

அந்தத் திரையைப் பார்த்ததும், மறுபடியும் ஞாயிறுதோறும் இதன் முன்னால்தானா என்றிருந்தது. அப்போதுதான் அந்தத் தூக்கம் எதனால் வந்தது என்று எனக்குப் புரிந்தது.

"வேணாங்க. அந்த ரெடிமேட் புரோகிராமையே எடுத்துக்கலாம்" என்றேன்.

அவர் நம்பவில்லை. நான் கோபத்தில் சொல்வதாக நினைத்தார். அதற்குத் திருப்போரூர் தெரியுமா, முட்டுக்காடு மழை தெரியுமா என்று என் புரோகிராமுக்காக என்னிடமே வாதாடினார். தெரியாதுதான், கிருத்திகை வந்தால் டிரைவர்களுக்குப் போன் போட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்றேன். அப்புறம்தான் அவர் உண்மையைச் சொன்னார்.

"அன்னிக்கே அத எடுத்திருப்பேன். அதான் சுலுவா கீதுன்னு எனக்குத் தெரியாதா? எடுத்தா உன்ன வேணான்னு சொல்ற மாதிரி ஆயிடுமேன்னுதான் வெறும் மெஷினு எடுத்தேன்."

அடுத்தவன் டிரைவர் கதையெல்லாம் எனக்காகச் சொன்னதா? நான் இவர் மனசு நோகுமே என்றல்லவா இத்தனை ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்தேன். எனக்கு அலுத்துப்போய் எத்தனையோ காலமாயிற்று. அதைச் சொன்னேன். சொல்லும்போதுதான் அழுகை வந்தது.

அவர் கம்ப்யூட்டரை நிறுத்தினார். இன்றைக்கு லிஸ்டை நான் கையாலேயே போட்டுக்கொள்கிறேன், நீ போய்ப் படு என்றார். நான் படுக்கவில்லை. பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அவர் ஒவ்வொரு ஸ்டாப்பாகத் தப்பாக எழுத, நான் திருத்தப் போகாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.