நாலு சொல்லில் ஒரு சாயாக்கடையை மூடுவது எப்படி?

பத்திரிகையில் செய்தி எழுதுகிறவனுக்குப் பெயர் கிடைக்கும், படம் எடுக்கிறவனுக்குக் கல்யாண வீட்டில் முதல் பந்தி கிடைக்கும், தலைப்பு போடுகிறவனுக்கு வசவு மட்டும்தான். கொச்சி மட்டாஞ்சேரியில் வெள்ளிதோறும் வந்த நாலு பக்கத் தமிழ் வாரப் பத்திரிகை ஒன்றில் நான் அந்த வேலை பார்த்தேன். சொன்னது ஒன்று, ஊர் கேட்டது வேறொன்று என்று எப்போதாவது மாட்டிக்கொண்டு முழித்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம கட்சிதான்.

எங்கள் வாசகர்களைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். இங்கே தமிழ் பேசுகிற வீடுகளில் பாதிப் பேருக்கு மலையாளம்தான் வாசிக்க வரும். அதனால் எங்கள் பக்கத்துக் கொச்சங்காடித் தெருவில் பால்ராஜ் அண்ணன், தன் கடையில் சாயா ஆற்றுகிற இடைவெளியில், எங்கள் பத்திரிகையின் தலைப்புகளை உரக்க வாசிப்பார். தலைப்புகளை மட்டும். "கீழே என்ன போட்டிருக்கு?" என்று யாராவது கேட்டால், "அது பொடி எழுத்து" என்று அடுத்த கிளாஸை எடுத்துவிடுவார். ஆக, ஊருக்குச் செய்தி என்றால் நான் போடுகிற நாலு சொல்தான். அப்படி ஒரு நாலு சொல் அந்தக் கடையையே மூட வைக்கப் பார்த்தது. அதற்கு முன் என் மற்ற பாவங்களையும் கேட்டுவிடுங்கள்.

நாளை தண்ணீர் வராது

குழாய் பழுதுபார்க்கிறார்கள், சனிக்கிழமை ஒரு நாள் தண்ணீர் நிற்கும் என்பது செய்தி. வெள்ளிக்கிழமைப் பத்திரிகைதானே என்று "நாளை" என்று போட்டுவிட்டேன். வாரப் பத்திரிகை ஒரு வாரம் முழுக்கக் கடையில் கிடக்கும் என்பது என் மூளைக்கு எட்டவில்லை. திங்கட்கிழமை வந்தவர்களுக்கும் பால்ராஜ் அதையே வாசித்தார், புதன்கிழமையும் வாசித்தார். தெருவே தினமும் குடம், அண்டா, குழந்தை குளிக்கிற டப் வரைக்கும் நிரப்பி வைத்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் பிடித்ததில் வியாழக்கிழமை தெருக்கோடி வீடுகளுக்கு நிஜமாகவே சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

அந்தக் கோடி வீட்டு அம்மா என்னை வழிமறித்தார். திட்டுவார் என்று பார்த்தால் கோயிலில் நிற்கிற மாதிரி பயபக்தியோடு சொன்னார்: "நீங்க போட்டா போட்டபடி நடக்குது சாரே. அடுத்த வாரம் நல்லதா எதாவது போடுங்க."

சுவாமி புறப்பாடு கோலாகலம்

அச்சகம் எர்ணாகுளத்தில். புதன்கிழமை மதியத்துக்குள் பக்கங்கள் போய்ச் சேர வேண்டும். புறப்பாடோ வியாழன் மாலை. "வருஷா வருஷம் கோலாகலமாகத்தானே நடக்கிறது, நடந்ததாகவே போடு" என்றார் ஆசிரியர். பத்திரிகையின் முதலாளியும் அவர்தான். யோசனை சொல்வார், பழி வந்தால் எர்ணாகுளத்தில் அவசர வேலை என்று கிளம்பிவிடுவார். வியாழன் மாலை பிடித்த மழையில் புறப்பாடு ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போனது. வெள்ளிக்கிழமை காலை எங்கள் பத்திரிகையில் அது கோலாகலமாக நடந்து முடிந்திருந்தது.

வருஷா வருஷம் பல்லக்குத் தூக்க வருகிற பாலக்காட்டு உறவுக்காரர்கள் இதைப் போனில் கேட்டு, முடிந்துபோன விசேஷத்துக்கு என்னத்துக்குப் போவது என்று இருந்துவிட்டார்கள். ஞாயிறு அன்று பல்லக்கு தூக்கத் தோள் போதவில்லை. வேடிக்கை பார்க்க வந்த என்னைப் பிடித்து முன்கொம்பில் நிறுத்தினார்கள். மூன்று தெரு சுற்றி இறக்கிவைத்தபோது கோயில் கமிட்டிச் செயலாளர் பக்கத்தில் வந்து சொன்னார்: "அடுத்த வருஷம் மழை பெய்யுமா பெய்யாதான்னும் நீங்களே எழுதிடுங்கோ, எங்களுக்கு சௌகரியமா இருக்கும்."

கொச்சங்காடி பண்டகசாலை இடியும் அபாயம்

இதுதான் அந்த நாலு சொல். பழைய பண்டகசாலைகளை இஞ்சினியர்கள் சோதிக்கப் போகிறார்கள், பலவீனமானது ஏதாவது இருந்தால் பிறகு முடிவெடுப்பார்கள் என்பது செய்தி. இவ்வளவையும் தலைப்பில் திணிக்க இடம் ஏது? இருந்த இடத்தில் இடித்துவிட்டேன்.

பால்ராஜ் கடை அந்தப் பண்டகசாலையின் சுவரை ஒட்டித்தான். தென்காசியிலிருந்து கட்டட வேலைக்கு வந்த மனிதர், சிறுகச் சிறுகச் சேர்த்துப் போட்ட கடை. கொடுமை என்னவென்றால், அந்தத் தலைப்பையும் அவரே தன் வாயால் கணீரென்று வாசித்தார். பெஞ்சில் இருந்தவர்கள் அண்ணாந்து சுவரைப் பார்த்தார்கள், கிளாஸை வைத்தார்கள், போனார்கள். மறுநாள் சிலர் எதிர்ப்பக்கம் நின்று சாயா வாங்கினார்கள், அடுத்த வாரம் அதுவும் இல்லை. பால் வாங்குவதைப் பாதியாக்கினார். மாதக் கடைசியில் கடையை எடுத்துவிட்டு ஊருக்குப் போகப் போவதாகச் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் என்னைத் திட்டவுமில்லை, வழக்கம்போல் சர்க்கரை குறைத்து ஒரு சாயாவை நீட்டினார்: "செவுரு நிக்குது சாரே, நான்தான் விழுந்துட்டேன்."

பண்டகசாலை இடியாது

இஞ்சினியர்கள் வந்து தட்டிப் பார்த்து, பலமாக இருக்கிறது என்று எழுதியே கொடுத்தார்கள். முதலில் மூன்றாம் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு திருத்தம் போட்டோம். பொடி எழுத்தை யார் வாசிப்பது? ஆசிரியரிடம் சண்டை பிடித்து, மறுவாரம் முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் "இடியாது" என்று போட்டேன். இனிக் கூட்டம் வரும் என்று காலையிலேயே பால்ராஜ் கடையில் போய் உட்கார்ந்தேன்.

தலைப்பு வாசிக்கிற நேரம் தவறி வந்ததால் அதுவரை விஷயமே தெரியாமல் தினமும் வந்துகொண்டிருந்த, மூட்டை தூக்குகிற இரண்டு மலையாளிச் சுமட்டுத் தொழிலாளிகளும் அன்றைக்குப் பால்ராஜ் வாசித்ததைக் கேட்டுவிட்டு எழுந்தார்கள். நான் கையைப் பிடித்து நிறுத்தி, இடியாது என்றுதானே போட்டிருக்கிறது என்று கெஞ்சினேன். மூத்தவர் என்னை அனுதாபத்தோடு பார்த்தார்: "இடியாதுன்னு இத்ர பெருசா போடணும்னா அங்கே எந்தோ உண்டு சேட்டா."

தலைப்பு இல்லை

நேராக ஆசிரியரிடம் போனேன். "நாளையிலிருந்து ஆறு நாள் அந்தச் சுவரடியில் உட்கார்ந்து நீங்கள் சாயா குடிக்க வேண்டும், இல்லையென்றால் தலைப்புக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் படகுக்குப் பயந்து எர்ணாகுளத்துக்குப் பஸ்ஸில் சுற்றிப் போகிறவர், தென்னை மரத்தடியில் குடை விரித்து நடக்கிறவர். ஊருக்கே அது தெரியும். முதல் நாள் இஞ்சினியர் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பெஞ்சு நுனியில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துப் பார்த்துக் குடித்தார். மூன்றாம் நாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, தின்ன ஒரு பழம்பொரி கேட்டார்.

இந்த மனுஷனே முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறார் என்றால் இனி என்ன என்று ஒவ்வொருவராக வந்தார்கள். ஆறாம் நாள் பெஞ்சில் இடமில்லை, அந்த இரண்டு சுமட்டுத் தொழிலாளிகளும் நின்றுகொண்டே குடித்தார்கள். பால்ராஜ் பழையபடி முழுப் பால் வாங்கியிருந்தார். நான் சந்தோஷத்தில் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். அவர் அடுப்பை விட்டு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்: "சாரே, உங்க காலைப் பிடிக்கிறேன், இதை மட்டும் பேப்பர்ல போட்டுராதீங்க."

இத்தனை காலம் தலைப்பு போட்டதில் கொச்சங்காடிக்கு நான் செய்த ஒரே உபகாரம், அன்றைக்குப் பேனாவை மூடிப் பைக்குள் வைத்ததுதான்.