கதவு விளிம்பில் சந்தனம்

நான் எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கும் அறையின் சுவர், தரை, கூரை எல்லாவற்றுக்கும் உள்ளே செப்புத் தகடு ஓடுகிறது. மேலே பலகை அடித்துப் பெயின்ட் பூசியிருப்பதால் வெளியே தெரியாது. வெளியிலிருந்து வரும் ரேடியோ அலைகளில் பெரும்பங்கைச் செம்பு திருப்பி அனுப்பிவிடும். நுழையப் பார்க்கும் கொஞ்சத்தையும் தானே விழுங்கிவிடும். கண்ணாடி ஜன்னலுக்குள்கூட செப்பு வலை இருக்கிறது, வெளிச்சத்தை விட்டு அலையை மறிக்க. உடம்பிலிருந்து வரும் சிக்னல் அவ்வளவு மெலிசு, வேறெதுவும் அதில் கலக்கக் கூடாது. இதை எங்கள் சென்டரில் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. கதவை ஒழுங்காகச் சாத்துங்கள் என்று கத்துவதே என் பிழைப்பு.

ஆயுத பூஜை முடிந்து திறந்த அன்று வேங்கிக்காலிலிருந்து ஓர் ஆட்டோக்காரர் மனைவியோடு வந்தார். வெகுநாளாகத் தலைவலி, போன வாரம் வண்டி ஓட்டும்போதே கண் இருட்டிவிட்டதாம். மூடிய இடம் என்றாலே மூச்சு முட்டுகிற ஆள். முன்பு ஒருமுறை வாசல்வரை வந்து திரும்பிப் போனவர். அன்று எப்படியோ படுத்துவிட்டார்.

படத்தில் தலைக்குக் குறுக்கே வெள்ளைக் கோடுகள். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. பின்னால் நின்று எட்டிப் பார்த்த மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"தலையில இன்னா மேடம் கோடு?"

"அது தலையில இல்லம்மா. மெஷின்ல கோளாறு."

அந்த அம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனால் வெளியே வந்த ஆட்டோக்காரர், "இன்னொரு வாட்டி உள்ள படுக்க மாட்டேன். பௌர்ணமி வருது, கிரிவலச் சவாரி பாக்கணும்" என்று செருப்பைத் தேட ஆரம்பித்தார். இந்தப் படத்தை வைத்து எந்த டாக்டராலும் எதுவும் சொல்ல முடியாது. இப்போது போனால் திரும்பி வரமாட்டார் என்று மனைவிக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"ஒரு பத்து நிமிஷம் உக்காருங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைப் போய்ப் பார்த்தேன். பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்த எங்கள் ஆட்கள் கதவை மட்டும் விடுவார்களா? நடுவில் வைத்திருந்தால் பரவாயில்லை. சாத்தும்போது சட்டத்தோடு அழுந்துகிற செப்புப் பட்டைகள் விளிம்பில் பளபளவென்று இருந்ததால் அங்கேயே, வரிசையாக, சந்தனமும் குங்குமமும். செம்போடு செம்பு தொட வேண்டிய இடத்தில் அது காய்ந்து ஒட்டியிருந்தது. அந்த மயிரிழை இடைவெளி போதும், அலை உள்ளே வந்து படத்தில் கோடு போட்டுவிடும். பக்தி ஜாஸ்தி, புத்தி கம்மி என்று திட்டிக்கொண்டே ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன்.

அதற்குள் அந்த அம்மா கணவரைக் கரைத்திருந்தார். "நானும் உள்ள வந்து காலைப் புடிச்சிக்கினு நிக்கிறேன், வா." காந்தம் இழுத்துவிடும் என்று நான் சொன்னதும் தாலிச் சரடில் மாட்டியிருந்த ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி என் மேஜைமேல் வைத்தார். கணவர் மறுபடி படுத்தார். கதவை நானே சாத்தினேன்.

இந்த முறை ஒரு கோடுகூட இல்லை. கோடுகள் மறைத்திருந்த இடத்தில், இடப்பக்கம், ஒரு கட்டி தெளிவாகத் தெரிந்தது. ரிப்போர்ட் சொல்வது டாக்டர் வேலை, நான் வாய் திறக்கக் கூடாது.

ஊக்குகளை எடுக்க வந்த அந்த அம்மா கேட்டார், "கோடு போயிடுச்சா மேடம்?"

"போயிடுச்சும்மா."

அவர் கணவர் பக்கம் திரும்பிச் சிரித்தார். "நான் சொல்லல? கோளாறு மெஷின்லதான்."