துடைத்து எழுதிய பலகை

என் அப்பா கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுபவர். அவருக்குப் படிக்கத் தெரியாது. கடைக்காரர் தரும் சீட்டில் எத்தனை எழுத்து என்று எண்ணி, நடு எழுத்தில் தொடங்கி இரண்டு பக்கமும் சாக்பீஸால் வரைந்துகொண்டு போவார். சீட்டில் உள்ளதை ஒருநாளும் மாற்றமாட்டார். சென்னை பாண்டி பஜாரில் அவருக்கு நல்ல பெயர் இருந்தது அதனால்தான்.

தொண்ணூறுகளின் நடுவில், பி.ஏ. இரண்டாம் ஆண்டு விடுமுறையில், கோட்டூர்புரம் வீட்டிலிருந்து அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். தகரப் பலகையில் ஆங்கிலத்தில் இரண்டு வரி. மேலே 'ஷூஸ் ஷாப்', கீழே 'ஸ்போர்ட்ஸ் குட்ஸ்'. அப்பா சாக்பீஸ் வேலையை முடித்து, பெயிண்ட் டப்பாவைத் திறந்துவிட்டார்.

"நைனா, மேல ஒரு எஸ் அதிகமா கீது. ஷூ ஷாப்புன்னுதான் வரணும்."

கடைக்கார பாய் சிரித்தார். "இன்னாம்மா, ஒத்தக்கால் ஆளுக்கா கடை வெச்சிக்கீறேன்?"

"எத்தினி பூ இருந்தாலும் பூக்கடைதானே பாய்? பூக்கள் கடைன்னா சொல்றீங்க?"

அவர் யோசித்தார். "அப்ப கீழ ஸ்போர்ட்ஸ்லயும் எஸ்ஸைத் தூக்கிடு."

"அதுல இருக்கணும் பாய். அந்த வார்த்தை அப்படித்தான்."

"மேல வாணாம்ன்ற, கீழ வேணும்ன்ற! இன்னாப்பா, உம் பொண்ணு வெளையாடுதா? சீட்டுல கீறதை எழுது."

ஏன் அப்படி என்று கேட்டிருந்தால் எனக்கும் விளக்கத் தெரிந்திருக்காது. படித்த பக்கங்களில் எல்லாம் அப்படித்தான் பார்த்திருந்தேன். நான் சொன்னது தப்பானால், தெருவே அப்பாவைப் பார்த்துச் சிரிக்கும்.

ஏணியில் நின்றபடியே அப்பா கேட்டார். "நல்லாத் தெரியுமா?"

"தெரியும் நைனா."

ஈரத்துணியை எடுத்து மேல்வரி முழுவதையும் துடைத்தார். ஒரு எழுத்து குறைந்தாலும் நடு மாறிவிடும். எல்லாவற்றையும் மறுபடி வரையவேண்டும். "பாய், நான் எழுத்தை வரையறவன். படிச்சவ அவ. சந்தேகம் இருந்தா யாரையாவது கேட்டுக்கங்க."

பாய் பக்கத்து மருந்துக் கடைக்காரரை இழுத்து வந்தார். அவர் சீட்டைப் படித்து, நான் சொன்னதையும் கேட்டு, "ரெண்டுமே பொண்ணு சொல்றதுதான் கரெக்ட்" என்றார். பாய் டீ சொன்னார். எனக்கும் சேர்த்து.

ஆனால் மருந்துக் கடைக்காரர் வருவதற்கு முன்பே அந்த வரி துடைக்கப்பட்டிருந்தது. நான் ஜெயித்தது அங்கேதான்.

பலகையின் மூலையில் தன் பெயரின் முதல் எழுத்தைச் சின்னதாகப் போடுவது அப்பாவின் வழக்கம். அன்று அதைப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உம் பேருக்கு இங்கிலீசுல மொத எழுத்து எப்டி இருக்கும்? வரைஞ்சு காட்டு."

காட்டினேன். தன் எழுத்துக்குப் பக்கத்தில், அதே உயரத்தில், சிவப்பில் எழுதினார்.