ஈவால்டின் பாதி வேலி

ஆர்லிஸ் ஹோவ்லாண்டுக்கு எழுபத்தோரு வயது. வடக்கு மொன்டானாப் புல்வெளியில் அறுபது மாடுகளோடு தனியாக இருந்தார். அவர் முழங்காலுக்குப் பயிற்சி கொடுக்கப் போன நான், பனிப்புயலில் பாதை மூடி, மூன்று நாளாக அங்கேயே மாட்டிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலையில் சமையலறை ஜன்னல் வழியே பார்த்தோம். எல்லை வேலியோரம் நாற்பது கவைக்கொம்பு மான்கள். காரோடு போட்டிபோட்டு ஓடுகிற மிருகம். வேலியைத் தாண்ட மட்டும் அதற்கு வராது, குனிந்து அடியில்தான் நுழையும். அங்கே இருந்ததோ ஆடு நுழையாதபடி தரைவரை இறக்கிய கம்பிவலை. அப்பால் காற்று பனியைத் துடைத்துப் புல் தெரிந்தது. இப்பக்கம் இடுப்பளவு பனி.

"அறுத்துவிடலாமே?" என்றேன்.

"அது ஈவால்டோட பாதி."

ஈவால்ட் அப்பக்கத்து நிலக்காரர். அங்கே வழக்கம் இதுதான்: அண்டை நிலத்தார் இருவரும் பொது வேலியின் நடுவில் எதிரெதிரே நிற்பார்கள். அவரவர் வலக்கைப் பக்கம் அவரவர் பொறுப்பு. அடுத்தவர் பாதியைத் தொட்டால் அதன்பின் முகத்தில் விழிக்க முடியாது.

போன் செய்தார். "ஈவால்ட், உன் வலையில மானெல்லாம் சாகுது. நாலடி அறுத்துக்கறேன்."

"அறுப்ப. வசந்தத்துல என் ஆடு முன்னூறும் உன் நிலத்துல நிக்கும், நீயா மேய்ப்ப?"

"அப்ப நீயே வந்து பாரு."

"பனியில கதவையே திறக்க முடியல எனக்கு. என் பாதில கை வைக்காத, ஆர்லிஸ்."

போனை வைத்துவிட்டுக் கையுறையை மாட்டினார். மாடுகளைப் பட்டியில் அடைத்தார். டிராக்டரால் மான்கள் நின்ற இடத்திலிருந்து வேலியோரமாகத் தன் பாதிவரை பனியைத் தள்ளிப் பாதை போட்டார். அவர் பாதியில் வலை இல்லை, பனியில் புதைந்த நான்கு கம்பிகள்தான்; நான் ஆணிகளைப் பிடுங்க, நான்கும் தரையில் படுத்தன.

மான்கள் டிராக்டருக்கு மிரண்டு வலையிலேயே போய் மோதின. டிராக்டரை அணைத்துவிட்டுக் கொட்டகைக்குப் பின்னால் நின்றோம். நடுப்பகலுக்கு ஒரு கிழப் பெட்டை மான் வந்தது, பின்னால் வரிசையாக மற்றவை. திறப்பில் நின்று, இல்லாத கம்பிக்கு அடியில் முழங்காலை மடக்கித் தவழ்ந்து போனது. வந்தவை எல்லாமே அப்படித்தான் போயின.

நான்கு மட்டும் வலையை விட்டு வரவில்லை. காற்று எழுந்து பாதையை மூடியது.

"மாட்டைத் திறந்துவிட்டா?" என்று கேட்டேன்.

"நேரா அவன் நிலத்துக்குப் போகும். கம்பியும் உறைஞ்சுபோச்சு, வசந்தத்துல பனி இளகாம தூக்க முடியாது. கொட்டகையில காய்ஞ்ச புல்லு பதினஞ்சு நாளைக்குத்தான் இருக்கு."

பட்டியில் மாடுகள் கத்திக்கொண்டிருந்தன. ஆர்லிஸ் நொண்டிக்கொண்டே அந்த நான்கும் நின்ற இடம்வரை போனார். வலையைத் தொடவில்லை. சற்று நின்றுவிட்டுத் திரும்பினார்.