இரண்டு தாய்மாமன்களும் ஒரு செம்புத் தண்ணீரும்

என் தங்கைக்கு ஆறு வயதாகியும் காது குத்தவில்லை. பிள்ளையை யார் மடியில் உட்காரவைத்துக் குத்துவது என்று அம்மாவின் அண்ணனுக்கும் தம்பிக்கும் தகராறு. தாடிக்கொம்புக் கோயிலில் இரண்டு தடவை நாள் குறித்தோம். இரண்டு தடவையும் ஆசாரி வந்து சாப்பிட்டுவிட்டுப் போனதுதான் மிச்சம். "ஏ மடி இருக்கையில எவன் மடியில உக்காருவா?" என்று பெரிய மாமா மீசையைத் தடவுவார். சின்ன மாமா வேட்டியை மடித்துக் கட்டுவார். தாய்மாமன் உரிமைக்காக உயிரையே விடப்போகிறவர்கள் போல இருக்கும்.

அந்த வருஷம்தான் அவளுக்கு உடம்பு வெளுத்தது. விடாத காய்ச்சல், காலெல்லாம் நீலத் திட்டு, பல் விளக்கினால் ரத்தம். திண்டுக்கல் டாக்டர் மதுரைக்கு அனுப்பினார். ரத்தத்தில் புற்று என்று அங்கே சொன்னார்கள். இப்போதெல்லாம் எலும்பு மஜ்ஜை கொடுக்கப் பொருத்தமான ஆள் கிடைத்தால் பிழைக்க வழியுண்டு என்கிறார்கள். அன்று அந்தப் பேச்சே கிடையாது. ரத்தம் ஏற்றினால் இன்னும் கொஞ்ச நாள் எங்களோடு இருப்பாள், அவ்வளவுதான். அந்தக் கொஞ்ச நாளுக்காக அம்மா யார் காலிலும் விழத் தயாராக இருந்தாள்.

அம்மாவின் ரத்தம் சேரவில்லை. அப்பா ஒரு தடவை கொடுத்துவிட்டார், உடனே மறுபடி எடுக்க மாட்டார்களாம். எனக்குப் பதினைந்து வயது என்று ஒதுக்கிவிட்டார்கள். மாமன்களுக்கு ஆள் அனுப்பினோம். இருவரும் ஒரே பஸ்ஸில் வந்து, ஒருவரை ஒருவர் பார்க்காமல் இறங்கினார்கள். கையில் ஆளுக்கொரு பன் பொட்டலம்.

ரத்தம் வேண்டும் என்று நர்ஸம்மா சொன்னதும் பெரிய மாமா, "தம்பிதான் வயசுப்பய. அவனுக்குத்தேன் இதுல உரிமை" என்றார். "அண்ணன் இருக்கையில நான் முந்துனா நல்லாருக்குமா?" என்றார் சின்னவர். வாழ்க்கையில் முதல் தடவையாக இருவரும் விட்டுக்கொடுத்துக்கொண்டார்கள். டீ குடித்துவிட்டு வாரோம் என்று போனவர்கள் திண்டுக்கல் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். அந்த பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து போனார்களாம். த்தூ!

எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து வந்தார். திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்பவர், பக்கத்து வார்டில் இருந்த மனைவிக்குத் துணையாக வந்திருந்தார். "ஏ ரத்தம் சேருமான்னு பாருங்கம்மா" என்றார். சேர்ந்தது.

கொடுத்துவிட்டு வந்து, வெளிறிப்போய் வராந்தாவில் உட்கார்ந்தார். "பாப்பா, கொஞ்சம் தண்ணி குடு" என்றார். எங்கள் பித்தளைச் செம்பு என் கையில்தான் இருந்தது. அவர் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் குவித்தார். செம்பு அவர் மேல் படாமல் உயரத்திலிருந்து ஊற்றினேன். அப்படி ஊற்றச் சொல்லி யாரும் எனக்குச் சொல்லவில்லை. அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அந்த ரத்தத்தில் என் தங்கை பதினெட்டு நாள் இருந்தாள். எழுந்து உட்கார்ந்து முறுக்குக் கேட்டாள், என்னோடு சண்டை போட்டாள்.

பத்தொன்பதாம் நாள் அவளை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியபோது, மாமன்கள் இருவரும் ஆளுக்கொரு கோடித் துணியோடு வந்து நின்றார்கள். யார் துணியை முதலில் போர்த்துவது என்று வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். அம்மா எழுந்து வந்தாள்.

"ரெண்டு பேரும் உங்க துணியத் தூக்கிக்கிட்டுப் போங்க. எம்புள்ளைக்குப் போத்த எனக்குத் தெரியும்."

தன் பழைய சேலையைத்தான் போர்த்தினாள். காது குத்தாமலே போய்ச் சேர்ந்தாள் என் தங்கை.

மாமன்களை நான் இன்றுவரை ஏசாத நாளில்லை. அம்மா ஒரு தடவைகூட ஏசியதில்லை. காரியம் முடிந்த அன்று புளி போட்டு அந்தச் செம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தவள், தலை நிமிராமல் என்னிடம் சொன்னாள்:

"அந்தாளு கையில இதக் குடுத்திருக்கலாம்டி."