எடை குறையாத மண்

ஆரணியில் ரங்கம்மாளை ஏமாற்றியவர் யாரும் கிடையாது. அவள் இடம் கொடுத்தால்தானே! காய்கறிக்காரியின் தராசைத் தூக்கித் திருப்பிப் பார்ப்பாள். சொந்தத் தங்கை பலகாரம் கொடுத்தனுப்பினால்கூட, "இன்னா காரியம் ஆவணுமாம்?" என்றுதான் கேட்பாள்.

அந்தக் குணத்துக்குக் காரணம் உண்டு. அவள் கணவர் லோகநாதன் பட்டு நெசவாளி. முதலாளி பட்டு நூலை எடை போட்டுக் கொடுப்பார்; நெய்த புடவையை எடை போட்டு வாங்குவார். குறைந்தால் திருட்டுப் பட்டம்தான். ஆகவே, எடை போடுகிறவன் குறை கண்டுபிடிக்காமல் போகமாட்டான் என்பது அந்த வீட்டில் ஊறிப்போன பாடம்.

படவேடு போகிற வழியில் அவளுக்குச் சீதனமாக வந்த சரிவான மானாவாரி நிலம் இருந்தது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுவாள். அவள் பேரில் உலகத்தில் இருந்தது அது ஒன்றுதான். 1982இல் மண் ஆராய்ச்சி அதிகாரி சிவப்பிரகாசம் அதில் ஒரு பகுதியைச் சுற்றித் தகரம் அடித்து, சரிவின் அடியில் ஒரு டிரம்மைப் புதைத்தார்.

"மழத் தண்ணி மண்ணோட இதுல வந்து விழும்மா. எவ்ளோ மண்ணு போவுதுன்னு எடை போடுவோம். மழ, சரிவு எல்லாம் சேத்து ஒரு கணக்கு வெச்சிருக்கோம், அது சரியான்னு பாக்கணும். அதிகமா போற நெலத்துக்கு அரசாங்கமே மண்ணத் தடுக்க கரை போட்டுக் குடுக்கும்."

சும்மா கொடுக்கிற அரசாங்கமா! ரங்கம்மாள் தலையாட்டினாள், ஒரு சொல்லையும் நம்பவில்லை. எடை என்பது மட்டும் நெஞ்சில் குத்தியது. வீட்டுக்கு வந்ததும் வெடித்தாள்.

"மண்ணு கொறஞ்சா, நெலத்த வெச்சிக்கத் தெரியாதவன்னு புடுங்கிக்குவானுங்க. பாத்துகினே இருங்க."

"உனுக்கு எதுக்குடி இந்த பேஜாரு? அவுரு படிச்சவரு" என்றார் லோகநாதன், தறியை விட்டு எழாமல்.

"படிச்சவருதான எடை போடறாரு!"

மழை விட்ட காலைகளில் அவள் முதல் பஸ்ஸைப் பிடித்தாள். டிரம்மின் அடியில் படிந்த வண்டலைக் கொட்டாங்கச்சியால் வழித்தெடுத்து, நிலத்தின் மேல்பக்கத்தில் தூவினாள். தண்ணீரைத் தொடவில்லை. அது வானத்துடையது, அதற்கு அவள் பொறுப்பில்லை.

பிறகு வரும் சிவப்பிரகாசம் மண்டையைப் பிய்த்துக்கொள்வார். அவர் கணக்குப்படி கூடை கூடையாக மண் வந்திருக்க வேண்டும். டிரம்மிலோ ஒரு கைப்பிடிகூட இல்லை.

"ஏம்மா, யாராவது டிரம்ம தொட்டாங்களா?"

"நா இன்னாத்த கண்டேன் சார்? இப்பதான் வந்துகினு இருக்கேன்."

அவர் அவளைச் சந்தேகிக்கவில்லை, தன் கணக்கைத்தான் சந்தேகித்தார். பாவம், படித்தவர்களுக்கு அப்படி ஒரு வியாதி.

மறுவருடம் தகரத்தையும் டிரம்மையும் பிடுங்கி ஜீப்பில் ஏற்றினார்கள். "உங்க நெலம் கெட்டிம்மா. கரை தேவையே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார் சிவப்பிரகாசம். ரங்கம்மாள் படவேடு ரேணுகாம்பாள் கோயிலில் தேங்காய் உடைத்தாள்.

அடுத்த மாதமே பக்கத்து நிலத்தில் கரை போட ஆட்கள் இறங்கினார்கள். அந்த நிலம் சடையனுடையது; அங்கே புதைத்த டிரம்மை யாரும் வழிக்கவில்லை.

"நெலத்த எழுதி வாங்கிக்கினானுங்களா?" என்று அவனிடம் போய்க் கேட்டாள்.

"ஒண்ணியும் இல்லக்கா. சும்மாதான் போட்டுத் தராங்க."

அப்போதும் அவள் நம்பவில்லை. ஆனால் அன்று சோறு இறங்கவில்லை.

ஐப்பசியில் விடாத மழை. சடையன் நிலத்தில் கரைக்குள் செந்நீர் தேங்கி நின்றது. அவள் நிலத்தில் பாறை தெரிந்தது. மல்லாட்டைச் செடிகள் வேரோடு ஓடைக்குள் கிடந்தன. டிரம் இருந்த பள்ளத்துக்கு ஓடினாள். அது விளிம்புவரை அவளுடைய மண்ணால் நிறைந்திருந்தது.

இந்தத் தடவை அதில் அவள் கை வைக்கவில்லை. ஜீப் வருகிற பாதையைப் பார்த்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். எடை போட யாரும் வரவில்லை.